காளிராஜின் சுழலாத பந்து

1. நெஞ்சில் விழுந்த அடி

பந்து என் கையுறைக்கு நேராகத்தான் வந்தது. கடைசி ஒரு அடியில் இடது பக்கம் சரிந்து என் நெஞ்செலும்பில் மோதியது. மூச்சு அடைத்து மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உடற்கல்வி ஆசிரியராக இருந்த முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனையோ அடி வாங்கியிருக்கிறேன். அந்த அடி மட்டும் இன்னும் நினைவில் இருக்கிறது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்கள் அவை. விருதுநகரில் அரசு உதவி பெறும் ஒரு மேல்நிலைப் பள்ளியில் எனக்கு வேலை. எங்கள் பக்கம் கபடியும் வாலிபாலும்தான் விளையாட்டு. நான் பி.பி.எட். படித்த காலத்தில் பேஸ்பால் பழகியிருந்தேன். அந்தக் கிறுக்கு விடாமல், சாயங்காலம் பள்ளி மைதானத்தில் ஊர் ஆட்களைச் சேர்த்து ஒரு டீம் நடத்தினேன். வத்தல் கமிஷன் கடை வைத்திருந்த சிக்கந்தர் பாய் எங்கள் கேப்டன். பிட்சரும் அவர்தான், அதாவது பந்து எறிபவர். பேட் பிடிப்பவனுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, தப்பி வரும் பந்தைப் பிடிக்கும் கேட்சர் நான்.

காளிராஜ் டீமில் இல்லை. மைதானத்துக்குத் தண்ணீர் தெளிப்பதும் சுண்ணாம்புக் கோடு போடுவதும் அவன் வேலை. ஆமத்தூரிலிருந்து சைக்கிளில் வருவான். இருபத்தெட்டு வயது இருக்கும். வலது கையை எப்போதும் சட்டைப் பைக்குள்ளோ துண்டுக்குள்ளோ வைத்திருப்பான். அன்று என்னைத் தாண்டி ஓடிய பந்து அவன் காலடியில் போய் நின்றது. அவன் சுண்ணாம்பு வாளியை வைத்துவிட்டு எடுத்து எறிந்தான்.

"ஐயோ சார், பட்டுருச்சா? மெதுவாத்தான சார் போட்டேன்!" என்று ஓடி வந்தான்.

"மெதுவாத்தான் வந்துச்சு. இன்னொரு தடவ போடு."

"வேணாம் சார்."

"போடுலே, ஒண்ணும் ஆகாது."

இரண்டாவது பந்து என் தோளில் பட்டது. மூன்றாவதைப் பிடிக்கப் பாய்ந்தேன். காற்றைத்தான் பிடித்தேன். எழுந்து போய் அவன் கையைக் காட்டச் சொன்னேன். தயங்கித் தயங்கித் துண்டை விலக்கினான்.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு யூனிட்டில் மருந்துக் கலவை அறையில் வேலை பார்த்தவன் அவன். நான்கு வருடத்துக்கு முன்னால் தீப்பிடித்ததில் உயிர் தப்பியது. ஆனால் புண் ஆறும்போது தோல் சுருங்கி, வலது கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் உள்ளே இழுத்து மடக்கிவிட்டது. நிமிர்த்த முடியாது. பந்தைப் பிடித்தால் அந்த இரண்டு விரல்களின் முட்டியும் நகமும்தான் பந்தில் அழுந்தும்.

அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேன். நக்கிள் பால், அதாவது சுழலாமல் வரும் பந்து, போட விரலை அப்படித்தான் மடக்கச் சொல்வார்கள். சிக்கந்தர் பாய் மாதக்கணக்காக முயன்றும் வராத பிடி அது. அவன் கையில் நான்கு வருடமாகத் தானாக இருந்திருக்கிறது.

2. எந்தப் பந்து கஷ்டம்?

பயிற்சி முகாம்களில் இளைய ஆசிரியர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது இது: "சார், அடிக்கிறதுக்கு ரொம்பக் கஷ்டமான பந்து எது?" ஃபாஸ்ட் பால் என்பார்கள் சிலர். வேகம் பயமுறுத்தும், உண்மைதான். ஆனால் நேராக வரும். நாலு நாள் நின்றால் கண் பழகிவிடும். கர்வ் வளையும். ஆனால் எறிபவனின் மணிக்கட்டைப் பார்த்தால் எந்தப் பக்கம் வளையும் என்று ஊகிக்கலாம். சேஞ்ச் அப் என்பது வேகமாக வருவதுபோல் கை வீசி மெதுவாகப் போடுவது. அதில் ஒரு தடவை ஏமாறலாம், இரண்டு தடவை ஏமாறலாம். பொறுமை இருந்தால் அதையும் அடிக்கலாம்.

காளிராஜ் போட்டது வேறு. மற்ற பந்துகள் எல்லாம் சுழன்றுகொண்டு வரும். இது சுழலாது. தையல் போட்ட நூலைக்கூட எண்ணிவிடலாம், அவ்வளவு நிதானமாக வரும். சுழற்சி இல்லாததால் காற்று அதைத் தன் இஷ்டத்துக்குத் தள்ளும். எந்தப் பக்கம் போகும் என்று போட்டவனுக்கே தெரியாதபோது அடிப்பவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

சிக்கந்தர் பாய் பேட்டோடு நின்று பன்னிரண்டு பந்துகளைச் சந்தித்தார். ஒன்று பேட்டின் நுனியில் உரசியது. அவ்வளவுதான்.

"என்ன சார் இது, ஈ ஓட்டுற மாதிரில்லா ஓட்டிக்கிட்டு இருக்கேன்!" என்று பேட்டைக் கீழே போட்டுச் சிரித்தார். "காளி, நாளையிலேர்ந்து நீ நம்ம டீம்லே."

காளிராஜ் சிரிக்கவில்லை. "கையப் பாத்து யாரும் எதுவும் சொல்ல மாட்டாகளா பாய்?" என்றான்.

"சொல்லட்டும். அம்புட்டுப் பேரையும் அவுட் ஆக்கிட்டு வா."

3. சிவகாசி மைதானம்

ஆறு மாதம் கழித்து சிவகாசியில் ஒரு டோர்னமென்ட். எப்படியோ ஃபைனல் வரை வந்துவிட்டோம். எதிரே தூத்துக்குடி டீம். ஐந்தாவது இன்னிங்ஸில் சிக்கந்தர் பாய்க்குத் தோள் பிடித்துக்கொண்டது. பந்தைக் காளிராஜிடம் கொடுத்தார்.

காளிராஜ் துண்டை உருவி என்னிடம் தந்துவிட்டு மைதானத்தின் நடுவே போனான். அத்தனை பேர் பார்க்க அந்தக் கையை அவன் வெளியே எடுத்தது அதுதான் முதல் தடவை. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து, முதல் இரண்டு பேர் அவுட் ஆனதும் அடங்கியது. மூன்றாவது ஆளும் அவுட் ஆனபோது கைதட்டினார்கள். ஆமத்தூரிலிருந்து வந்திருந்த அவன் மனைவி முத்துலட்சுமி எழுந்து நின்று பார்த்தாள்.

கடைசி இன்னிங்ஸ். நாங்கள் ஒரு ரன் முன்னால். அவர்கள் பக்கம் இரண்டு பேர் அவுட், ஆனால் ஓடி வந்து நிற்கும் பேஸ் கட்டங்களில், இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஆளுக்கு ஒருவன் நிற்கிறான். பேட் பிடித்தவனுக்கு இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது. இன்னும் ஒரு பந்து அவன் தவறவிட்டால் மூன்றாவது ஸ்ட்ரைக், அவுட்; கோப்பை எங்களுடையது.

காளிராஜ் எறிந்தான். அதைவிட நல்ல பந்தை நான் பார்த்ததில்லை. பாதி வழியில் நின்று யோசிப்பதுபோல் ஆடியது. பேட் காற்றை வெட்டிக்கொண்டு போனது. மூன்றாவது ஸ்ட்ரைக்! எங்கள் ஆட்கள் கத்திவிட்டார்கள்.

நான் பந்தைப் பிடிக்கவில்லை. அது சட்டென்று கீழே விழுந்து, என் முழங்காலில் தட்டி, பின்னால் போட்டிருந்த பந்தல் பெஞ்சுகளுக்கு அடியில் உருண்டு போய்விட்டது. மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்சர் பிடிக்காவிட்டால், அந்த நிலைமையில் பேட் பிடித்தவன் அவுட் இல்லை, ஓடலாம். அவன் ஓடினான். பேஸில் நின்ற இருவரும் ஓடினார்கள். நான் பெஞ்சுக்கடியில் தவழ்ந்து பந்தை எடுத்துத் திரும்புவதற்குள் இரண்டு ரன்னும் வந்துவிட்டது. ஆட்டம் முடிந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது காளிராஜ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"விடுங்க சார். அது எங்கன போகும்னு எனக்கே தெரியல. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

4. பிடிக்கப் பழகியது

அடுத்த நாளே ஆரம்பித்தேன். பெரிய அளவில் ஒரு கேட்சர் கையுறை மதுரையில் சொல்லி வாங்கினேன். தினமும் பள்ளி விட்டதும் அவன் நூறு பந்து போடுவான், நான் பிடிப்பேன். முதல் மாதம் பாதிக்கு மேல் தப்பியது. பந்தைத் தேடிக் கையை நீட்டியதுதான் என் தவறு. நீட்டாமல், அது வந்து சேரும் வரை சும்மா இருக்க வேண்டும். கடைசி நொடியில்தான் கையை அசைக்கலாம். இது புரிய எனக்கு எட்டு மாதம் ஆனது. பிறகு நூற்றுக்குத் தொண்ணூறு நின்றது.

என் வாழ்க்கையில் ஒரு வேலையை அவ்வளவு ஆசையாகச் செய்ததில்லை. அவன் கையை விட்டுப் பந்து கிளம்பும்போது சத்தமே இருக்காது. வரும் வழியெல்லாம் அது என்ன செய்யும் என்று உள்ளுக்குள் ஒரு துடிப்பு. கையுறையில் வந்து மெத்தென்று உட்கார்ந்ததும் காளிராஜ் அங்கிருந்து, "சிக்கிருச்சு!" என்று கத்துவான். அடுத்த டோர்னமென்டுக்கு இன்னும் இரண்டு மாதம். இந்தத் தடவை விடமாட்டேன் என்று இருந்தேன்.

5. ஜெயா கொண்டுவந்த செய்தி

என் மனைவி ஜெயராணி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு நாள் டூட்டி முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"ஏங்க, தீக்காயத்துல சுருங்குன கைய ஆபரேஷன் பண்ணி நிமித்துற டாக்டர் மதுரைக்கு வாராக. அடுத்த வாரம் கேம்ப். காளிராஜ் பேரக் கொடுத்துட்டேன்."

நான் உடனே கேட்டது என்ன தெரியுமா? இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

"ரெண்டு மாசம் தள்ளிப் போட முடியாதா ஜெயா?"

அவள் என்னையே பார்த்தாள். கோபப்படவில்லை. "அந்த டாக்டர் திரும்ப எப்ப வருவாகன்னு யாருக்கும் தெரியாது. அவன் கையி, அவன்கிட்ட சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் மைதானத்தில் காளிராஜிடம் சொன்னேன். அவன் மடங்கிய விரல்களைத் தடவிக்கொண்டே நின்றான்.

"நிமிந்துட்டா இந்தப் பந்து வராதுல்ல சார்?"

"வராது."

"நீங்க எட்டு மாசம் பாடுபட்டிருக்கீக. நீங்க சொன்னா நான் போகல. மேட்ச் முடியட்டும்."

உண்மையில் அவன் அதை எனக்கு விட்டுக்கொடுக்கத் தயாராகத்தான் இருந்தான். 'சரி' என்ற சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. நான் வாயைத் திறக்காமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் அவனே தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"கல்யாண வீட்டுப் பந்தியில உக்காந்து அஞ்சு வருசம் ஆகுது சார். இடது கையால சாப்பிட்டா பக்கத்துல இருக்கவுக எந்திரிச்சுப் போயிருவாகளோன்னு பயம். சொந்தத் தங்கச்சி கல்யாணத்துலயே சமையக்கட்டுல நின்னு சாப்பிட்டேன்."

ஒன்றரை வருடம் தினமும் அந்தக் கையைப் பார்த்தவன் நான். பந்தைப் பிடிக்கும் கோணம் தெரியும், விடும் நேரம் தெரியும். அந்தக் கை சோற்றைப் பிசையாது என்பதை ஒரு நாளும் யோசித்ததில்லை.

"போயிட்டு வா காளி. மேட்ச் எங்கன போயிரும்?" என்றேன்.

6. நேராக வந்த பந்து

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். மாதக்கணக்கில் விரலுக்குப் பயிற்சி கொடுத்தான். இதற்கிடையில் டோர்னமென்டில் நாங்கள் முதல் சுற்றிலேயே தோற்றோம். சிக்கந்தர் பாயின் பந்தை எல்லோரும் ஆசைதீர அடித்தார்கள்.

கட்டெல்லாம் பிரித்த பிறகு ஒரு சாயங்காலம் காளிராஜ் வந்தான். புதுச் சட்டை, கை வெளியே. கொழுந்தியாள் கல்யாணத்தில் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டதை, ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தது வரை விடாமல் சொன்னான். சொல்லிவிட்டு, "ஒரு பந்து போட்டுப் பாக்கட்டுமா சார்?" என்றான்.

நான் குத்தவைத்து உட்கார்ந்தேன். விரல்கள் பந்தின் மேல் முழுதாகப் படிந்திருந்தன. பந்து அழகாகச் சுழன்றுகொண்டு, நூல் பிடித்த மாதிரி நேராக வந்து கையுறையில் விழுந்தது. சின்னப் பிள்ளைகூடப் பிடிக்கக்கூடிய பந்து.

"இனி யாரு வேணும்னாலும் அடிப்பாக!" என்று சொல்லி அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

நானும் சிரித்தேன். கேட்சர் முகமூடி போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

அந்த விரல்களை வைத்துக்கொண்டு அவன் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் சேர்ந்தான். பேப்பர் அடுக்கித் தரும் வேலை. பிறகு கோயம்புத்தூர் பக்கம் குடும்பத்தோடு போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். அதன் பிறகு எத்தனையோ பிட்சர்களுக்கு நான் கேட்சராக உட்கார்ந்தாயிற்று. நல்ல பந்துகள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எதுவும் அந்தப் பந்து இல்லை. காற்று அடிக்கும் சாயங்காலங்களில், அது ஆடி ஆடி வருவதை இன்னொரு தடவை பார்த்தால் போதும் என்று மனசு கிடந்து தவிக்கும். ஓய்வு பெற்ற பிறகும் அந்த ஏக்கம் குறையவில்லை.

இளைய ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் மைதானத்துக்கும் அப்படி ஒரு ஆள் வருவான். அவன் திறமை உங்களை மயக்கும். மயங்குங்கள், தப்பில்லை. ஆனால் அவனிடம் முதலில் 'சாப்பிட்டியா' என்று கேளுங்கள். எப்படிச் சாப்பிடுகிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எனக்கு அது ஒன்றரை வருடம் பிந்தித்தான் தெரிந்தது.