ஏரிக்குள் விளைந்த ராகி

கடத்தூருக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஊருக்கு நான் வாழ்க்கைப்பட்டுப் போனபோது ஏரியில் தண்ணீர் இருந்தது. கோடையில் வற்றினால் ஊரே வண்டி கட்டிக்கொண்டு போய் வண்டல் அள்ளி வயலுக்கு அடிக்கும். அப்படி அள்ளியதால்தான் ஏரி ஆழமாக இருந்தது. இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் கெடுத்தார்கள். எனக்கு ஆத்திரமே அதில்தான்.

என் கணவரோடு கூடப் பிறந்தவர்கள் ஐந்து பேர், எல்லோரும் ஆண்கள். மாமனார் கண்ணை மூடியதும் ஏரிக்குக் கீழே இருந்த நெல் வயலை ஆறு துண்டாகப் பிரித்தார்கள். எங்கள் துண்டில் ஏர் மாடு திரும்ப இடமில்லை. திரும்பினால் பக்கத்துப் பங்காளியின் நாற்றை மிதிக்கும், உடனே சண்டை. மற்ற வீடுகளிலும் இதே கதைதான். ஆனால் பிள்ளை பெறுவதை மட்டும் யாரும் குறைத்துக்கொள்ளவில்லை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஒரு தூளி ஆடிக்கொண்டிருக்கும். எனக்கே நாலு. "இன்னொரு ஆம்பளப் புள்ள பொறந்தா வூட்டுக்குப் பலம்" என்பார் என் மாமியார். அந்தப் பலம் எதைத் தின்னும் என்று கேட்டேன். வாயாடி என்று பெயர் வாங்கினதுதான் மிச்சம்.

நிலம் போதாதவர்கள் ஏரிக்குள் இறங்கினார்கள். முதலில் ஓரத்தில் நாலு சால் ஓட்டினார்கள். யுத்தம் வந்து அரிசிக்குத் தட்டுப்பாடு ஆனதும், எங்கே எதை விதைத்தாலும் கேட்க ஆளில்லை. ஆளாளுக்கு உள்ளே வரப்புப் போட்டார்கள். வண்டல் அள்ளப் போன வண்டிகளை "என் கொல்லையில எவன்டா வண்டி உடறது?" என்று விரட்டினார்கள். ஏரிக்குள் கொல்லையாம்! இதில் முன்னால் நின்றவர் என் கணவரின் மூத்த அண்ணன். நெற்றி நிறையத் திருநீறு, ஏழு பிள்ளைகள், ஊரில் பெரிய மனிதர் என்ற பெயர் வேறு.

ஒரு வருஷம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் துண்டில் நெல் நட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஏரி நிரம்பிவிட்டால் தை அறுப்பு வரை கவலை இல்லை, நாலு பிள்ளைகளுக்கும் வருஷம் முழுக்கக் கஞ்சி உண்டு. எனக்கு அந்த ஒரே நினைப்புதான். ஆனால் ஏரிக்குள் அவர்கள் போட்டிருந்த ராகி கதிர் விட்டு நின்றது. தண்ணீர் அதன் காலடிக்கு ஏறியதும், மூத்தவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மதகைத் திறக்கப் போனார். சேதி தெரிந்து நான் மழையிலேயே கரைக்கு ஓடினேன்.

கணவரின் அண்ணன் எதிரில் பெண்கள் வாய் திறக்கக்கூடாது. ஏதாவது சொல்ல வேண்டுமானால் கதவைப் பார்த்தோ மாட்டைப் பார்த்தோ சொல்ல வேண்டும். அன்று நான் அவர் முகத்தைப் பார்த்தே கேட்டேன்.

"பெரிய மாமா, இந்தத் தண்ணிய உட்டுட்டா தை வரைக்கும் எங்க நெல்லுக்கு எதைப் பாய்ச்சறதுங்க?"

அவர், ஆட்களோடு நின்ற என் கணவரிடம் சொன்னார்: "உம் பொண்டாட்டிய வூட்டுக்குக் கூட்டிட்டுப் போடா."

"நான் போவ மாட்டேனுங்க. தண்ணி நிக்கத்தான் ஏரி கட்டினது. அதுல கேவுரு போட்டது உங்க தப்பு. முழுகட்டும்."

"முழுகினா எம் புள்ளைங்களுக்கு நீயா வந்து சோறு போடுவ?" இந்த முறை என்னிடமே கத்தினார்.

என் கணவர் என் கையைப் பிடித்து வீட்டுப் பக்கம் இழுத்தார். அண்ணன் சொல்லைத் தட்டாத உத்தமர் அவர். மதகுக் கட்டையைத் தூக்கினார்கள். அவ்வளவு தண்ணீரும் வயல்களைத் தாண்டி ஓடையில் விழுந்து போயிற்று.

மழையும் அத்தோடு நின்றது. மார்கழியில் எங்கள் வயல் வெடித்துக் கிடந்தது. பால் பிடிக்க வேண்டிய நேரத்தில் நெல் பதராகிப் போனது. அதை அறுத்து மாட்டுக்குப் போட்டேன்.

ராகி அறுப்பு முடிந்து மூத்தவர் எங்களுக்கு ஒரு மூட்டை கொடுத்தனுப்பினார். தருமம்! தெருவில் கொட்டிவிடலாம் என்று இருந்தது. பிள்ளைகள் மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அரைத்துக் களி கிண்டிப் போட்டேன். சின்னவன் இன்னொரு உருண்டை கேட்டான்.

அடுத்த ஆடியில் என் கணவர் ஏரைத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பினார். வயல் பக்கம் போகவில்லை, ஏரிப் பக்கம் திரும்பினார்.

"அங்க எதுக்குங்க?" என்றேன்.

"அண்ணன் உள்ள நமக்கும் ஒரு துண்டு உட்டிருக்காரு. இனிமே அதுல எங்க தண்ணி நிக்கப் போவுது?"

"நீங்களும் ஓட்டினா எப்படிங்க நிக்கும்?"

அவர் என் வயிற்றைப் பார்த்தார். ஐந்தாவது, ஆறு மாதம்.

"இதுக்கு நெலம் எங்க இருந்து வரும்? நீயே சொல்லு புள்ள."

அன்று அவரை வெறுத்ததுபோல் நான் யாரையும் வெறுத்ததில்லை. விதைக் கூடையைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.