எங்கள் லயம் தலைநகரமான கதை

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த எங்கள் லயம் ஒரு நாட்டின் தலைநகரமாக மூன்று வாரம் இருந்தது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. குடும்பத்துக்கு ஒன்றாகப் பத்துக் காம்பரா, எல்லாவற்றுக்கும் ஒரே தகரக் கூரை, எல்லாருக்கும் சேர்த்து ஒரே தண்ணீர்ப் பீலி, மழை பெய்தால் பாரபட்சமில்லாமல் பத்திலும் ஒழுகும். அதையா தலைநகரம் ஆக்கினார்கள் என்று சிரிக்கிறார்கள். ஆக்கினார்கள். ஆக்கியவர்களில் நானும் ஒருத்தி. அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

எட்டாம் வகுப்பில் எங்களுக்குக் குடியுரிமைக் கல்வி எடுத்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த டீச்சர். நல்லவர். கை நீட்டமாட்டார், சாப்பாடு கொண்டுவராத பிள்ளையைக் கண்டால் தன் பார்சலைப் பாதியாகப் பிரித்துக் கொடுப்பார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவர் ஒருவர் செய்திருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

நாடுகள் தங்கள் தலைநகரத்தை எப்படித் தெரிவுசெய்கின்றன என்பது அன்றைய பாடம். அவுஸ்திரேலியாவில் சிட்னிக்கும் மெல்பேர்னுக்கும் யார் தலைநகரம் என்று போட்டியாம். இரண்டும் விட்டுக்கொடுக்காததால் நடுவில் ஓரிடம் பார்த்து கன்பராவைப் புதிதாகக் கட்டினார்களாம். பெரிய ஊர்கள் இரண்டும் ஒரே நேரத்தில் மூக்குடைபட்ட அந்தக் கதை எங்களுக்கு ரொம்பவும் பிடித்துப்போனது. டீச்சர் அதைக் கவனித்திருக்க வேண்டும். பாடசாலைக் கண்காட்சிக்கு நாமே ஒரு தீவு நாடு செய்வோம், தலைநகரத்தையும் நாமே தெரிவுசெய்வோம் என்றார்.

வகுப்பு தானாகவே மூன்றாகப் பிரிந்தது. அட்டன் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிற பதினொரு பேர் ஒரு நகரம். நுவரெலியாப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிற பதினொரு பேர் இன்னொரு நகரம். பாடசாலைக்கு மேலே உள்ள தோட்டத்திலிருந்து நடந்து வருகிற நாங்கள் ஒன்பது பேர் மீதி.

அட்டன்காரர்கள் ஸ்டேஷனையும் கடைத்தெருவையும் சொன்னார்கள். நுவரெலியாக்காரர்கள் வாவியையும் சிவப்புத் தபால் கந்தோரையும் பெரிய பெரிய பங்களாக்களையும் சொன்னார்கள்.

"ஏப்ரல் மாசம் முடிஞ்சு ஊர் பாக்க வந்தவங்க போயிட்டா ஒங்க ஊர்ல குதிரதான் நிக்கும்" என்றான் அட்டன் கடைக்காரர் மகன்.

"ஒங்க ஊருக்கு வர்ற ரயில்கூட அஞ்சு நிமிசத்துக்கு மேல நிக்க மாட்டேங்குது" என்றாள் நுவரெலியாப் பெண் ஒருத்தி.

எங்களிடம் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் ஒன்பது வாக்கு இருந்தது. நாங்கள் எந்தப் பக்கம் சாய்கிறோமோ அந்தப் பக்கம்தான் தலைநகரம் என்பது அடுத்த நாளே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அட்டனிலிருந்து சீனி தூவிய கிம்புலா பனிஸ் ரொட்டி வந்தது. நுவரெலியாவிலிருந்து டிபன் பெட்டி நிறைய ஸ்ட்ரோபெரி வந்தது. இரண்டையும் மனசாட்சி உறுத்தாமல் தின்றோம். பிறந்ததிலிருந்து எங்களை யாரும் அவ்வளவு மரியாதையாகப் பார்த்ததில்லை.

தேர்தலுக்கு முன்னால் வாக்காளர் இடாப்பு வேண்டுமே. கள்ள வாக்கு விழாமலிருக்க ஒரு விலாசத்துக்கு ஒரு வாக்கு என்று டீச்சர் சட்டம் போட்டார். எல்லாரும் பெயரும் விலாசமும் எழுதிக் கொடுத்தோம். பஸ்ஸில் வருகிறவர்கள் வீட்டு இலக்கம், தெருப் பெயர் என்று இரண்டு வரிக்கு எழுதினார்கள். நாங்கள் ஒன்பது பேரும் எழுதியது தோட்டத்தின் பெயரையும் தபாற்கந்தோரின் பெயரையும் மட்டுமே. வேறு என்னத்தை எழுதுவது? லயத்துக்கு இலக்கம் கிடையாது. யாருக்குக் கடிதம் வந்தாலும் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கே யாருக்காவது ஞாபகம் இருந்தால் பெரட்டுக்களத்தில் காலையில் ஆள் கூடும்போது பெயர் சொல்லிக் கொடுப்பார்கள். அப்பாவுக்கு வந்த ஒரு கடிதம் நாலு மாதம் ஆபீஸ் அலுமாரியில் கிடந்திருக்கிறது.

டீச்சர் ஒன்பது தாள்களையும் புரட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளையள், ஒன்பது பேருக்கும் ஒரே விலாசமோ?"

"ஆமாங்க டீச்சர்."

"அப்ப இடாப்பின்படி நீங்கள் ஒரு வீடுதான். ஒரு வாக்குத்தான் தரலாம்."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நாங்களும் சிரித்தோம். அதை நினைத்தால்தான் ஆத்திரம் அடங்க மறுக்கிறது. ஒருத்தர்கூட எழுந்து, அங்கே ஒரு லயத்தில் மட்டும் ஐம்பது பேருக்கு மேல் குடியிருக்கிறோம் என்று சொல்லவில்லை. பதினொன்றுக்குப் பதினொன்று என்றால் அந்த ஒரு வாக்குத்தான் தீர்மானிக்கும் என்று கணக்குப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை; மறுநாளிலிருந்து பனிசும் வரவில்லை, ஸ்ட்ரோபெரியும் வரவில்லை.

அந்த ஒற்றை வாக்கை எங்கள் சார்பில் நான் போட்டேன். பனிஸ் நின்றுபோன ரோஷத்தில் எங்களுக்கே போட்டுக்கொண்டேன். பதினொன்று, பதினொன்று, ஒன்று. அட்டனும் நுவரெலியாவும் மேசையைத் தட்டிக் கத்தின. டீச்சர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"இப்பிடிச் சண்டை பிடிச்சா நாட்டுக்குத் தலைநகரமே கிடையாது. ரெண்டுக்கும் நடுவில கட்டுவம். மேல தோட்டத்தடியில நிறைய இடம் இருக்கு. ஒரு வீடுதானே, பெரிய கரைச்சல் ஒண்டும் இல்லை."

எங்கள் வரிசை கூரை அதிரக் கத்தியது. என்ன சொன்னார் என்று யார் கேட்டது! ஜெயித்துவிட்டோம். நன்றாகப் படம் கீறுகிறவள் என்பதால் பெரிய பிரிஸ்டல் அட்டையில் நாட்டைக் கீறும் வேலை எனக்கு வந்தது.

முதலில் எங்கள் மலையை இருக்கிறபடியே கீறினேன். மூன்று லயம், மாரியம்மன் கோயில், கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பரா, பீலியடி, மரக்கறித் தோட்டங்கள். பிறகு நாடாளுமன்றத்துக்கு இடம் பார்த்தேன். போதவில்லை. இடாப்பில் ஒரு வீடு என்றுதானே இருக்கிறது என்று இரண்டு லயங்களை அழிரப்பரால் அழித்தேன். படிக்கட்டு வைக்க மீதி லயத்தையும் அழித்தேன். மாரியம்மன் இருந்த இடத்தில் கொடிக்கம்பம் வந்தது. யாரும் என் கையைப் பிடித்து அழிக்கச் சொல்லவில்லை. அட்டை நைந்துபோகாமல், தடம் தெரியாமல், அவ்வளவு சுத்தமாக நானே அழித்தேன். கெட்டிக்காரி என்று டீச்சர் தலையைத் தடவினார்.

கண்காட்சிக்கு அம்மா வந்தாள். கொழுந்து எடுப்பதை அரைநாளோடு விட்டுவிட்டு, எவ்வளவு தேய்த்தும் கறை போகாத கைகளைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு வந்தாள். நான் பெருமையாக அட்டைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"நம்ம மலை மாதிரி இருக்கே. லயத்தக் காணோம்?" என்றாள்.

"நாடாளுமன்றம் கட்டறதுக்கு எடுத்துட்டோம்மா."

"அங்க இருந்த ஆளுங்க?"

"ஒரு வீடுதாம்மா. இடாப்புல அப்படித்தான் இருக்கு. வேற எடம் குடுத்துருவாங்க."

"எங்க?"

எனக்கு எரிச்சலாக வந்தது. மற்றவர்களின் அம்மாக்கள் கொடி நல்லா இருக்கு, படிக்கட்டு நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். அதற்குள் டீச்சரே வந்துவிட்டார்.

"உங்கட மகள்தான் கீறினவ. வடிவாக் கீறியிருக்கிறா, என்ன?"

"நல்லா இருக்குங்க டீச்சர்" என்றாள் அம்மா. அட்டையை மறுபடி ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை பார்த்தாள். "அங்க இருந்தவங்கள எங்க வெச்சிருக்கீங்கன்னுதான் தேடுறேன். படத்துல எங்கயுமே இல்லீங்களே."

டீச்சர் சிரித்தார். "இது சும்மா விளையாட்டுத்தானே அம்மா."

அம்மாவும் கூடச் சிரித்தாள். பரிசு கொடுக்கும்வரை நிற்காமல், விறகு கட்ட நேரமாகிவிட்டதென்று ஏதோ சொல்லிவிட்டு, தனியாக மலையேறிப் போய்விட்டாள். எங்கள் நாட்டுக்கு முதல் பரிசு கிடைத்தது. மூன்று வாரம் அதைப் பாடசாலை அதிபர் அறைக்கு வெளியே மாட்டி வைத்திருந்தார்கள்.

அம்மா பிறந்த லயம் கொத்மலை நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது. அணை கட்டியபோது அவளுக்கு, எட்டாம் வகுப்பில் எனக்கிருந்த வயதுதான் இருக்கும். அவளுடைய அப்பா ஒவ்வொரு கதவாகப் போய், நாங்கள் எங்கே போவது என்று கேட்டிருக்கிறார். காணிக்கு உறுதிப்பத்திரம் இருக்கிறதா, வீட்டுக்கு இலக்கம் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். இல்லையென்றதும் அடுத்தவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கடைசியில் சட்டிபானையும் ஐந்து பிள்ளைகளும் லொறியில் ஏறி, அறிந்தவர் தெரிந்தவர் இல்லாத எங்கள் தோட்டத்தில் வந்து இறங்கியிருக்கிறார்கள். இதெல்லாம் நான் கல்யாணமாகிப் போன பிறகு சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. பரிசுச் சான்றிதழோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். "சாப்பிடு" என்று மட்டும் சொன்னாள். நான் தட்டைத் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன், இரண்டு நாள் அவளோடு பேசவேயில்லை. இரண்டு ஊர் போட்டிபோட்ட தலைநகரத்தை நம் வாசலுக்கே கொண்டுவந்திருக்கிறேன், இவளுக்கு ஒரு வார்த்தை பாராட்டக்கூடத் தெரியவில்லையே என்று எனக்கு அவ்வளவு கோபம்.