ஜெனரலுக்குப் பக்கத்தில் ஒரு சொல்

ரொறன்ரோவின் மல்வேர்னில் நாங்கள் வேலை செய்யும் பிளாஸ்டிக் தொழிற்சாலையில், திங்கட்கிழமை காலை, வேலைக்கு வந்த நேரம் பதியக் காட் பஞ்ச் பண்ணும் இடத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: "பஹ்ராம், ஜெனரல் லேபர், காலமானார்." வாசித்ததும் அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

பஹ்ராம்தான் எங்கள் ஜெனரல் அங்கிள். அவரோடு வேலை செய்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். ஈரானியக் குதிரைப்படையில் இளம் அதிகாரியாகச் சேர்ந்து ஜெனரலாக உயர்ந்தவர் அவர். ஆட்சி மாறியதும் சிறையில் போட்டார்கள். வெளியே வந்து மலை தாண்டித் தப்பினார். "வாழ்நாள் முழுக்கக் குதிரையில் ஏறினேன். கடைசியில் உயிரைக் காப்பாற்றியது ஒரு கழுதை" என்று சொல்லிச் சிரிப்பார். ரொறன்ரோவில் வேலை தேடிப் போன ஏஜென்சியில், முன்பு பார்த்த வேலை என்ற இடத்தில் "ஜெனரல்" என்று எழுதியிருக்கிறார். மனுசன் பாதியை விட்டுவிட்டார் என்று நினைத்த பெண், பக்கத்தில் "லேபர்" என்று தானே சேர்த்துக் கூலியாளாக்கி, பெட்டி தூக்க எங்களிடம் அனுப்பிவிட்டாள்!

மூன்று வருடத்துக்கு முன் நான் ஏழு மாதக் கர்ப்பிணி. நாள் முழுக்க நின்ற நிலையில் வேலை. அகதி வழக்கு முடியவில்லை, வேலை போனால் வீடும் போகும். கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தன. பக்கத்தில் நின்ற பத்மா அக்கா கொண்டுவந்து வைத்த ஸ்டூலை சூப்பர்வைசர் தூக்கி மூலையில் எறிந்தார். எல்லோரும் குனிந்து வேலையைப் பார்த்தார்கள். நானும்தான்.

ஜெனரல் அங்கிள் பெட்டியைக் கீழே வைத்தார். ஸ்டூலை எடுத்துவந்து கைக்குட்டையால் துடைத்து என் பக்கத்தில் வைத்தார். எங்களிடம் பொறுக்கிய தமிழில், "இரு, தங்கச்சி" என்றார். தங்கச்சியாம், அவருக்கு நான் மகள் வயது.

"உத்தரவு போட நீ யார்?" என்று சூப்பர்வைசர் ஆங்கிலத்தில் கத்தினார்.

"ஜெனரல். ஏஜென்சி அனுப்பிய தாளிலேயே இருக்கிறது. எங்கள் படையில் சினைக் குதிரைக்குச் சேணம் போட்டவனை வெளியே துரத்துவோம்."

"ஐயோ அக்கா, என்னைக் குதிரை எண்டுறார்" என்றேன்.

"குதிரையோ கழுதையோ, முதல்ல இரடி!" என்று பத்மா அக்கா அதட்டினா.

ஸ்டூலில் இருந்தேன். லைனில் ஒவ்வொருவராக வேலையிலிருந்து கையை எடுத்தார்கள். சூப்பர்வைசர் எங்களைப் பார்த்தார், பிறகு போய்விட்டார்.

அந்தக் கோபத்தை அங்கிள் மேல் தீர்த்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க அவரை வெளியே பனி வழிக்க விட்டார். பாவமாக இருக்கிறது என்றேன். "குனிந்து வழிக்கலாம், தங்கச்சி. குனிந்து நடக்கத்தான் கூடாது" என்றார்.

மகனுக்கு இப்போது மூன்று வயது. ஸ்டூல் என் இடத்திலேயே நிற்கிறது. லேபர் என்பது கேவலமான சொல் அல்ல, நானும் அதுதான். ஆனால் அவர் எழுதியது ஒரு சொல். மற்றதை எழுதியது அவரல்ல.

தாளில் "லேபர்" என்பதைக் கறுப்புப் பேனையால் வெட்டியது யார் என்று அதே சூப்பர்வைசர் விசாரித்துத் திரிகிறாராம். நான்தான். வந்து கேட்கட்டும். எழும்ப மாட்டேன், ஸ்டூலில் இருந்தபடியே பதில் சொல்லுவேன்.