இருபத்திரண்டு நீலப் பிரஷ்கள்

அன்று ஆடைத் தொழிற்சாலை மேலாளரின் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் மேலாளர், இந்தப் பக்கம் செக்கிங் அக்கா, கதவோரமாக வருகைப் பதிவேட்டை அணைத்துக்கொண்டு குழந்தைகள் காப்பகத்து டீச்சர். பேசியது மற்ற இருவரும்தான். டீச்சர் வாயே திறக்கவில்லை. அதனாலோ என்னவோ, அந்தப் பேச்சு முழுவதும் வரிசை மாறாமல் அவளுக்கு நினைவிருக்கிறது.

முதலில் பேசியவர் அக்கா. பல் டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனதையும், காப்பகத்துக் குழந்தைகள் இருபத்திரண்டு பேரில் ஒன்பது பேருக்குச் சொத்தைப் பல் என்று அவர் எழுதிக் கொடுத்ததையும் சொன்னார். காலையில் அம்மாக்கள் ஷிப்டுக்கு ஓடுகிற அவசரத்தில் வீட்டில் பல் தேய்ப்பது பேருக்குத்தான் நடக்கிறது. மத்தியானம் சாப்பிட்டு, இனிப்புப் பாலைக் குடித்துவிட்டு அப்படியே தூங்கிப்போகிறார்கள். ஆளுக்கொரு பிரஷ் வாங்கிக் கொடுத்தால் சாப்பாட்டுக்குப் பிறகு நானே நின்று எல்லாரையும் தேய்க்க வைக்கிறேன் என்றார்.

மேலாளர் கெட்டவர் இல்லை. எந்த நல்ல காரியத்தைச் சொன்னாலும் அது எப்படிக் கெட்டுப்போகும் என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றும், அவ்வளவுதான். இருபத்திரண்டு பிரஷ்ஷும் ஓரிடத்தில் இருந்தால் ஒருத்தனுடைய சளி ஊருக்கே போகும் என்றார். பிரஷ் மாறிப்போனால் யார் பதில் சொல்வது என்றார். அக்கா பதில்களை முன்கூட்டியே யோசித்துக்கொண்டு வந்திருந்தார். ஒன்றோடொன்று இடிக்காமல் நிற்க ஓட்டை போட்ட பலகை. காற்றும் வெளிச்சமும் படுகிற ஜன்னலோரம். எழுத்து தெரியாத பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு படம்.

"மாறவே மாறாதுன்னு சொல்ல முடியுமா உங்களால?"

"பன்னண்டு வருஷம் செக்கிங் டேபிள்ல நின்னவ சார் நான். சட்டையில ஒரு பட்டன் நிறம் மாறியிருந்தா பத்தடி தள்ளி நின்னே சொல்லிடுவேன். பிரஷ்ஷையா விட்டுடுவேன்?"

மேலாளர் சிரித்துவிட்டார். சிரித்தது போதும் என்று தோன்றியதோ என்னவோ, உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"சரி. ஆனா ஒண்ணு. பிரஷ்ஷால ஒரே ஒரு கோளாறுன்னு என் காதுல விழுந்தாலும் அன்னிக்கே நிறுத்திடுவேன்."

"நிறுத்திக்கங்க சார்," என்றார் அக்கா. வெளியே வந்ததும் டீச்சரிடம், "அவர் காது ரொம்ப நீளம். பார்த்து நடக்கணும்," என்றார்.

ஆடைத் தொழிற்சாலையின் பின்பக்கத்தில், பொருள் வைக்கிற கிடங்காக இருந்த நீள அறைதான் காப்பகம். அக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது முன்னே பார்த்த வேலையால். தைத்து முடித்த சட்டைகளைப் புரட்டிப் பார்த்து, பிசகிய தையலைக் கண்டுபிடிக்கும் மேஜையில் நின்றவர். முட்டி வலி வந்து நிற்க முடியாமல் போனதும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அனுப்பினார்கள். அங்கே நிற்கிற வேலை குறைவு என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். சொன்னவர்கள் இருபத்திரண்டு குழந்தைகளோடு ஒரு மணி நேரம் இருந்ததில்லை. ஆனால் அக்கா ஒருநாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. "சட்டை திரும்பப் பேசாது. இதுங்க பேசுதுங்க. அது போதும்," என்பார்.

பிரஷ்கள் மொத்தமாக வந்தன. எல்லாம் ஒரே நீலம். டீச்சர் சின்னச் சின்னக் காகிதத்தில் யானை, மீன், குடை, ஏணி என்று வரைந்து, கைப்பிடியில் ஒட்டி, மேலே ஒளிபுகும் டேப்பைச் சுற்றினாள். பராமரிப்பு எலக்ட்ரீஷியன் ஒரு பலகையில் நாலு விரல் இடைவெளி விட்டு இருபத்திரண்டு ஓட்டை போட்டுக் கொடுத்தார். கழிப்பறைப் பக்கம் வேண்டாம் என்று சொல்லி அக்கா அதை எதிர்ச் சுவரின் ஜன்னலுக்குக் கீழே மாட்டச் சொன்னார்.

அதற்கப்புறம் தினமும் மத்தியானம் அந்த அறையில் நடந்தது ஒரு சின்னத் தொழிற்சாலைதான். பேஸ்ட் டியூபின் வாய் எந்தப் பிரஷ்ஷையும் தொடக் கூடாது. அக்கா ஒரு சுத்தமான காகிதத்தில் பட்டாணி அளவு புள்ளிகளாக இருபத்திரண்டு வைப்பார். ஒவ்வொரு குழந்தையும் தன் புள்ளியைத் தன் பிரஷ்ஷால் எடுத்துக்கொள்ள வேண்டும். தேய்த்து முடித்த பிரஷ் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் அலசப்படும், மூன்று முறை உதறப்படும், தலை மேலே இருக்கும்படி தன் ஓட்டைக்குள் போய் நிற்கும். மூடி கிடையாது. ஈரத்தோடு மூடி வைத்தால் புழுங்கிப் போகும் என்பார்.

உதறும்போது பக்கத்தில் நிற்பவர்கள் நனைவார்கள். டீச்சரின் பதிவேட்டில் நீர்த்துளி விழாத பக்கம் கிடையாது. யானைக்காரன் ஒருநாள், "அக்கா, கிருமி கண்ணுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். தெரியாது என்றார். "அப்போ நீங்க எப்படி செக் பண்ணுவீங்க?" என்றான். பன்னிரண்டு வருஷ அனுபவம் அவன் பிரஷ்ஷை வாங்கி நாலாவது முறையாக உதறியது.

அக்காவின் கணவர் சரக்கு வேன் ஓட்டுபவர். காப்பகத்துக்குத் தண்ணீர்க் கேன் இறக்க வருவார். "எங்க வீட்ல பிரஷ் மொட்டையாகி, வெறும் குச்சியாகி, அப்புறம் அதாலயே சைக்கிள் செயினைத் தொடைச்ச பிறகுதான் இவ புதுசு எடுப்பா. இங்க மூணு மாசத்துக்கு ஒண்ணாம். நானும் இங்கயே சேர்ந்துடறேன் டீச்சர்," என்று ஒரு தடவை சொன்னார். "படுக்கப் பாய் பத்தாது, போங்க," என்றார் அக்கா. அடுத்த வாரம் அவர்கள் வீட்டிலும் புதுப் பிரஷ் வந்துவிட்டதாக அவரே வந்து சொன்னார்.

ஐந்து மாதம் இப்படி ஓடியது. ஆறாம் மாதம் காய்ச்சல் வந்தது. குடைக்காரிக்கு ஒருநாள், மீன்காரனுக்கு மறுநாள், பிறகு இரட்டைக் குழந்தைகளில் மூத்தவளுக்கு. பருவம் மாறும்போது எல்லா வீட்டிலும் வருகிற காய்ச்சல்தான். ஆனால் அக்காவுக்கு மேலாளரின் காது நினைவுக்கு வந்துவிட்டது. காய்ச்சல் வந்த மூன்று பேருக்கும் புதுப் பிரஷ் வேண்டும் என்று கேட்டால் ஏன் என்பார். ஏன் என்று சொன்னால் நிறுத்து என்பார். நிறுத்தினால் அந்த ஒன்பது பேரின் சொத்தை என்ன ஆவது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம், குழந்தைகள் எல்லாரும் போன பிறகு, யாரையும் கேட்காமல் அக்கா ஒரு காரியம் செய்தார். பால் பாட்டிலை வெந்நீரில் போடுவதில்லையா என்று நினைத்திருக்கிறார். அகலமான பாத்திரத்தில் இருபத்திரண்டு பிரஷ்ஷையும் போட்டு, கெட்டிலில் கொதித்த தண்ணீரை மேலே ஊற்றி, தட்டால் மூடிவிட்டுப் பாய்களை மடிக்கப் போனார்.

வாரக் கணக்கை முடித்துவிட்டு டீச்சர் உள்ளே வந்தபோது அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். முட்டி வலிக்காரர் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் புரிந்தது. பாத்திரத்துத் தண்ணீரில் பசை இளகிய படங்கள் மிதந்துகொண்டிருந்தன. யானை கவிழ்ந்து கிடந்தது. ஏணி இரண்டாக மடிந்திருந்தது. மீன் மட்டும் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டதுபோல் சுற்றிச் சுற்றி வந்தது. அக்காவின் முன்னால் ஒரு வெள்ளைத் துணி. அதன்மேல் அச்சு அசலாய் ஒரே மாதிரி இருபத்திரண்டு நீலப் பிரஷ்கள். நாலைந்து சூட்டில் லேசாக வளைந்து, திட்டு வாங்கிய பிள்ளைகள் போலத் தலை குனிந்திருந்தன.

டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. பழைய செக்கிங் மேஜையில் நிற்பதுபோல் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"இது யானைக்காரன். இடது பக்கமாவே மெல்லுவான், பாருங்க, நார் அந்தப் பக்கம் சாஞ்சிருக்கு. இது ஏணி. கைப்பிடியைக் கடிப்பா. இது குடை. தேய்க்கவே மாட்டா, வாயில வெச்சுக்கிட்டு நிப்பா, அதான் புதுசு மாதிரியே இருக்கு."

அரை மணி நேரத்தில் இருபது பிரஷ்களுக்குச் சொந்தக்காரர்கள் கிடைத்துவிட்டார்கள். டீச்சர் அவ்வளவு நாளும் அந்தக் குழந்தைகளோடுதான் இருந்தாள். யார் எந்தப் பக்கம் மெல்லுகிறார்கள் என்று தனக்கு ஒருத்தரைப் பற்றிக்கூடத் தெரியாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மிச்சம் இரண்டு பிரஷ்கள். இரட்டையர்களுடையவை. அவர்கள் முகத்தைப் போலவே கடியிலும் வித்தியாசம் இல்லை. அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கழற்றிவிட்டுப் பார்த்தார்.

டீச்சருக்கு ஒரு யோசனை தோன்றியது. நல்ல யோசனையாகவே தோன்றியது. புதுப் படங்கள் வரைய அவளுக்குப் பத்து நிமிஷம் போதும். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒரே டம்ளரில் தண்ணீர் குடிப்பவர்கள். ஆளுக்கொன்றாக ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? திங்கட்கிழமை எல்லாம் பழையபடி நடக்கும். மெல்லிய குரலில் அதைச் சொல்லவும் செய்தாள்.

அக்கா வேண்டாம் என்று உடனே சொல்லிவிடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். கொஞ்ச நேரம் அந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா என்று பார்ப்பவர்போல உட்கார்ந்திருந்தார்.

"ஒருத்திக்குத்தான் டீச்சர் காய்ச்சல்," என்றார் கடைசியில்.

பிறகு பாத்திரத்துத் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தார். முகம் மாறியது.

"அதுகூட இல்ல. இந்த இருபதையும் கண்டுபிடிச்சேன்னு உள்ளுக்குள்ள பெருமையா இருந்துச்சு. எதுக்கு? எல்லாம் ஒரே தண்ணில ஊறியிருக்கு. பசை இளகுற சூடு இருந்திருக்கு. கிருமி சாகுற சூடு இருந்துச்சான்னு எனக்குத் தெரியாது. காய்ச்சல்காரங்களோடதும் அதுலதான் கிடந்துச்சு. இனிமே எது யாரோடதா இருந்தா என்ன?"

இரண்டையும் மற்ற இருபதோடு சேர்த்தார். துணியின் நாலு மூலையையும் பிடித்து மூட்டையாகக் கட்டி, குப்பைக் கூடைக்குள் இறக்கினார். "திங்கட்கிழமை சார்கிட்ட நானே சொல்லிடறேன். அம்மா அப்பாங்களுக்கும் தெரியணும். நீங்க ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க," என்றார். நிறுத்திவிட மாட்டாரா என்று டீச்சர் கேட்டாள். "நிறுத்துவார். நிறுத்திக்கங்கன்னு சொல்லிட்டுத்தானே வாங்கினோம்," என்றார் அக்கா. அவர் எழுந்திருக்க டீச்சர் கை கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலை மேலாளர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். நிறுத்தத்தான் போகிறேன் என்றார். சொன்ன சொல் சொன்னதுதான் என்றும் சொன்னார். ஆனால் மத்தியான இடைவேளைக்குள் கடிதம் தையல் பிரிவு முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. இரட்டையர்களின் அம்மா மெஷினை அணைத்துவிட்டு நேராக அவர் அறைக்குப் போனாள். சண்டை போடப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: புதுப் பிரஷ் என்றைக்கு வரும்? தன் வீட்டில் ஐந்து பேருடைய பிரஷ்ஷும் ஒரே டம்ளருக்குள் தலையோடு தலை முட்டிக்கொண்டு நிற்கிறது, காய்ச்சல் வந்தவளுடையதும் அதற்குள்தான் இருக்கிறது. இதைத் தப்பென்று சொன்னவர்கள் இதுவரை யாருமில்லை, அக்காதான் முதலில் சொல்லியிருக்கிறார் என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள்.

மேலாளர் அன்று தன் சொல்லைக் காப்பாற்றினார். சரியாக இரண்டு நாள் நிறுத்தினார். புதன்கிழமை புதுப் பிரஷ்கள் வந்தன, கூடவே பத்து உபரி. காய்ச்சல் வந்தால் கேட்க வேண்டாம், பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு கைப்பிடியிலும் சூட்டுக்கோலால் ஒரு குறி போட்டுக் கொடுத்தார்: வட்டம், கோடு, நட்சத்திரம், பெருக்கல். தண்ணீரில் அழியாது. யானைக்காரன் மட்டும் தன் வட்டத்தைப் பார்த்துவிட்டு, இது தும்பிக்கை இல்லாத யானை என்று இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தான். இப்போதும் மத்தியானம் ஒன்றரை மணிக்கு ஜன்னலோரம் மூன்று முறை உதறுகிற சத்தம் கேட்கிறது. போன மாதம் பல் டாக்டர் திரும்ப வந்தார். புதுச் சொத்தை எதுவும் இல்லை என்றார். அக்கா அன்று முழுக்க ஏதோ ஒரு பாட்டை ராகம் தப்பாக முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

டீச்சரிடம் அந்தக் கடிதத்தின் முதல் வரைவு இன்னும் இருக்கிறது. தையல் பிரிவில் பாதிப் பேர் ஒரு மொழி படிப்பார்கள், பாதிப் பேர் இன்னொன்று. இரண்டிலும் படித்தவள் என்பதால் அவள் அந்த வெள்ளிக்கிழமையே ஒரே தாளில் இடமும் வலமுமாக இரண்டு பத்தி எழுதினாள். அலுவலகத்துக்கே உரிய நடை ஒன்று உண்டல்லவா, அது அவள் கைக்குத் தானாகவே வந்தது. முதல் பத்தியில், பிரஷ்களைச் சுத்தம் செய்ததில் தவறு நேர்ந்துவிட்டது என்று இருந்தது. இரண்டாவதில் அதுவே, தவிர்க்க முடியாத காரணங்களால் பிரஷ்கள் மாற்றப்படுகின்றன என்று ஆகியிருந்தது. அக்காவுக்கு இரண்டாவது மொழி பேச்சளவில்தான் தெரியும், படிக்கத் தெரியாது. அதனால் அவள் இரண்டையும் உரக்கப் படித்துக் காட்டினாள். அக்கா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டார். குழாயை மூடினார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"நல்லா எழுதியிருக்கீங்க டீச்சர். ஒண்ணே ஒண்ணு கேட்கறேன், செய்வீங்களா? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எழுதிடுங்க. இந்தப் பக்கம் படிக்கிறவங்களுக்கு நான் தப்பு பண்ணவளாவும், அந்தப் பக்கம் படிக்கிறவங்களுக்கு எதுவுமே பண்ணாதவளாவும் இருக்க வேணாம்."