திரையில் தரிசாகத் தெரிந்த நிலம்

அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கடை வேலை போக மிஞ்சும் நேரத்தை, கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் ஒரு இலவச மென்பொருளுக்குக் கொடுக்கிறேன். அதன் நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். பல நாட்டுக்காரர்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து வளர்ப்பது. அதில் மதுரைக்குத் தெற்கே திருச்சுழி வரை விமானத்திலிருந்து நிலம் எப்படித் தெரிய வேண்டும் என்பது என் பொறுப்பு. வேறு யாரும் கேட்காததால் என்னிடம் வந்தது.

என்னோடு பள்ளியில் படித்தவன் ஒருவன் வளைகுடாவில் வேலை பார்க்கிறான். லீவு நாளில் தன் அறையில் உட்கார்ந்து இந்த விமானத்தை ஊர்ப்பக்கம் ஓட்டி வருவான். ஒருநாள் போனில் சத்தம் போட்டான்.

"ஏலே, மதுரையத் தாண்டித் தெக்க வந்தா ஒரே மணலாக் கெடக்கு. நான் இங்க பாக்குற பாலைவனம் பத்தாதாடா?"

அவன் சொன்னது சரிதான். நிலத்தின் தகவல் கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படத்திலிருந்து வந்தது. பயிரில்லாமல் கிடந்த கரிசலை எல்லாம் 'தரிசு' என்று வகைப்படுத்தியிருந்தது. அது போதாதென்று, பருவ மாற்றத்துக்கான நிரலைக் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியிருந்தார்கள். டிசம்பர் வந்தால் செடிகொடி எல்லாம் காய்ந்து பழுப்பாகிவிடும். மழையை நம்பி விதைக்கும் நிலங்களை நாங்கள் காடு என்போம்; அவை பச்சையாக நிற்பதே அந்த மாதத்தில்தான்.

மார்கழியில் அவன் விடுமுறைக்கு வந்தான். வெள்ளிக்கிழமை தொழுகை முடித்துவிட்டு வந்தவனோடு, நிலத்தைச் சரியாகப் பதியப் படம் எடுத்துவர என் பைக்கில் கிளம்பினேன். பரளச்சி தாண்டி ஒரு சின்ன ஊர். ரோட்டின் இருபுறமும் மக்காச்சோளம், மிளகாய், நடுவில் கொத்தமல்லி. நான் படம் எடுத்தேன். அவன் செல்போன் வரைபடத்தில் ஒவ்வொரு காட்டுக்கும் எல்லை வரைந்துகொண்டிருந்தான்.

முதலில் வந்தவர் வெள்ளை வேட்டியில் ஐம்பது வயதுக்காரர். வந்த வேகத்தில் என் பைக் சாவியை உருவிக்கொண்டார்.

"யாருப்பா நீங்க? எந்தக் கம்பெனி?"

"கம்பெனியெல்லாம் இல்லண்ணே. சும்மா படம்..."

"சும்மாவா? அந்தப் போனக் குடு."

நண்பன் தயங்கினான். அதற்குள் பின்னாலிருந்து ஒருவர் போனைப் பறித்துவிட்டார். திரையில் அவர்களுடைய காடுகள் மேல் சிவப்புக் கோடுகள். பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"அளந்திருக்கானுக! கோடு போட்டு வச்சிருக்கானுக, பாருங்க!"

ஆள் கூடிவிட்டது. அவர்கள் பேச்சிலிருந்துதான் எனக்கு விஷயம் புரிந்தது. சோலார் போட நிலம் வாங்கும் தரகர்கள் சில மாதங்களாக அந்தப் பக்கம் சுற்றியிருக்கிறார்கள். விளையாத தரிசுதானே, வந்த விலைக்குக் கொடுங்கள் என்று பேசியிருக்கிறார்கள். எங்களை அந்தத் தரகர்களின் ஆட்கள் என்று ஊர்க்காரர்கள் நினைத்துவிட்டார்கள். ஒருவர் நண்பனின் சட்டைக் காலரைப் பிடித்தார். அவன் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றான்.

"லேப்டாப்ல காட்டுறேண்ணே. பாத்துட்டு என்ன வேணாலும் செய்யுங்க" என்றேன்.

பையிலிருந்த லேப்டாப்பைப் பஸ் ஸ்டாப் நிழலில் வைத்துத் திறந்தேன். அந்த விமான மென்பொருள் தொடங்கவே நேரமெடுக்கும். பின்னால் இத்தனை பேர் மூச்சுவிட, திரையில் ஒரு கோடு மெல்ல மெல்ல நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விமானம் மேலே எழுந்தது. கண்மாய் தெரிந்தது, ரோடு தெரிந்தது. ஊரைச் சுற்றிலும் பழுப்பு.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இதைக் காட்டியிருக்கவே கூடாது.

"பாத்தீகளா! இவனுகளும் தரிசுன்னுதான் போட்டிருக்கானுக!" என்றார் போனைப் பறித்தவர்.

"அதத் திருத்தத்தாண்ணே வந்தோம்!" என்று நண்பன் கத்தினான். அந்தச் சத்தத்தில் பலர் காதில் விழவில்லை. போலீசுக்குப் போன் போடு என்று ஒரு குரல். போலீசு எதுக்கு, நாமே பாத்துக்கிருவோம் என்று இன்னொரு குரல்.

மிளகாய்க் காட்டிலிருந்து வந்து நின்ற ஒரு அம்மா முன்னால் வந்து திரையைக் குனிந்து பார்த்தார். "திருத்த வந்தோங்கிறீகள்ல. இப்ப திருத்து, பாப்போம்."

உட்கார்ந்தேன். அவசரத்தில் கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தேன். அந்த ஊரின் எல்லைக்குள் இருந்த நிலத்தை மட்டும் தரிசிலிருந்து பயிர்நிலமாக மாற்றினேன். டிசம்பரில் காயவைக்கும் நிரல் வரியை நிறுத்தினேன். மாற்றம் திரையில் தெரிய, அந்தத் துண்டு நிலத்தை மறுபடி உருவாக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். லேப்டாப் சூடாகி இரைந்தது. பேட்டரி சிவப்புக்கு இறங்கியது. ரோட்டில் ஒரு பஸ் நிற்காமல் போனது.

விமானம் மறுபடி எழுந்தபோது கண்மாய்க்குக் கீழே பச்சை விரிந்தது.

"நம்ம காடா அது?" என்றார் அந்த அம்மா.

"ஆமாம்மா. தோராயமா."

காலரைப் பிடித்திருந்தவர் விலகிப் போனார். வேட்டிக்காரர் உடனே சாவியையும் போனையும் தந்துவிடவில்லை. என் நம்பரை வாங்கி, அங்கேயே அழைத்துப் பார்த்து, வண்டி நம்பரையும் எங்கள் முகத்தையும் படம் பிடித்த பிறகுதான் தந்தார். திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். அவன் கசங்கிய காலரை நீவிவிட்டுக்கொண்டான்.

அடுத்த சில வாரங்கள் வேறு மாதிரிப் போராட்டம். எங்கள் பகுதிக்கு மழைக்காலம் என்று தனிப் பருவம் எழுதி அனுப்பினேன். நிரலைச் சரிபார்க்கும் வெளிநாட்டுக்காரர் மறுத்தார். செயற்கைக்கோள் படத்தில் நிலம் வெறுமையாக இருக்கிறது, உங்கள் விருப்பத்துக்குப் பச்சை அடிக்க முடியாது என்றார். அன்று எடுத்த படங்களையும், மழைக்குப் பிந்தைய செயற்கைக்கோள் படங்களையும் மாதவாரியாக அடுக்கி அனுப்பினேன். பதிலே இல்லை. புதிய பதிப்பு வெளியாகும் நாள் நெருங்க நெருங்கக் கடையில் ஸ்க்ரூ கழற்றும்போதும் கண் போனில்தான் இருந்தது. கடைசியில் ஒற்றை வரி வந்தது: சேர்த்துவிட்டேன்.

பச்சையாகத் தெரியும் அந்த ஊரின் படத்தை வேட்டிக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். சாயங்காலம் கேட்டிருந்தார்: "இத கெவர்மெண்டுல ஒத்துக்கிருவாகளா?"

உள்ளதை எழுதினேன். "ஒத்துக்க மாட்டாகண்ணே. இது விமானம் ஓட்டிப் பழகுறதுக்கு மட்டுந்தான்."

"சரி" என்று வந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று: "இருந்தாலும் அழிச்சிராத."