மேரி சொல்லாமல் விட்டது

கம்பெனி ஆபீஸ் போனில் மேரியின் வீட்டுக்காரர்தான் பேசினார். மேரி இறந்துவிட்டாள் என்றார். நான் அழத் தொடங்கும் முன்பே கேட்டார்: "அவ பெட்டியில ஊசியும் மருந்துக் குப்பியும் கெடக்குங்க. இது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" கல்யாணமாகி நான்கு மாதம், அவளுக்குச் சர்க்கரை வியாதி என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. விவரத்தைச் சொன்னேன். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் விட்டிருப்பனா" என்று அழுதார்.

அன்று காலை அவளுக்கு வேர்த்துக் கொட்டியிருக்கிறது, ஏதோ உளறியிருக்கிறாள். ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று, ஊசி போட்டு வாழும் நம்மில் சின்னப் பிள்ளைக்கும் புரிந்திருக்கும். அவர்கள் படுக்கவைத்து ஜெபம் செய்தார்களாம். அடுப்படியில் சர்க்கரை டப்பா இருந்திருக்கிறது; ஒரு கரண்டி வாயில் போட்டிருந்தால் பிழைத்திருப்பாள்.

நம் ஐந்து பேரையும் சேர்த்தவள் அவள்தானே. பனியன் கம்பெனியில் நான் சேர்ந்த புதிதில், ஸ்டோர் ரூமில் துணி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துதான் இன்சுலின் போட்டுக்கொள்வேன். செக்கிங் பிரிவில் இருந்த மேரி கண்டுபிடித்துவிட்டாள். "ஏட்டி, எதுக்கு ஒளிஞ்சிக்கிட்டு நிக்க? பயமா இருந்தா பயமா இருக்குன்னு வாயத் தொறந்து சொல்லு" என்று திருநெல்வேலிப் பேச்சில் அதட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து தன் ஊசியை எடுத்தாள். அதுவரை உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்.

நம்மில் சின்னவள் பாத்திமா வகுப்பில் மயங்கி விழுந்து, இனி பள்ளிக்கூடமே வேண்டாம் என்று அடம்பிடித்தபோது, மேரி லீவு போட்டு அவளோடு போனாள். "பாடத்துக்கு நடுவுல இவ மிட்டாய் தின்னா வையாதீங்க டீச்சர். எனக்கும் இதே சீக்குதான்" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். அப்படிப்பட்ட வாய் புகுந்த வீட்டில் மட்டும் ஏன் அடைத்துப்போனது? உன் மேல் கோபமாக வருகிறது மேரி.

கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. வரும் ஆவணியில் எனக்குக் கல்யாணம். அவிநாசி மாப்பிள்ளை வீட்டில் நாங்களும் சொல்லவில்லை. "தாலி ஏறட்டும் கண்ணு, அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் அம்மா. நானும் தலையாட்டியிருந்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் காயின் பாக்ஸ் போனிலிருந்து மாப்பிள்ளைக்குப் பேசினேன். "ஏனுங்க, எனக்குச் சின்ன வயசுலிருந்து சர்க்கரை வியாதிங்க. தெனமும் ஊசி போட்டாத்தான் உசுருங்க." "ஊட்டுல கேட்டுச் சொல்றனுங்க" என்று போனை வைத்துவிட்டார்.

மூன்று நாளாகப் பதில் இல்லை. அம்மா என்னோடு பேசுவதில்லை. வாசலில் யார் குரல் கேட்டாலும் எட்டிப் பார்க்கிறேன். பயந்துகொண்டே சொல்லிவிடுவது, அதுதான் மேரியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது. நமக்கெல்லாம் அந்தத் தைரியத்தை அள்ளிக் கொடுத்தாளே, தனக்கென்று கொஞ்சம் வைத்துக்கொண்டிருக்கலாம்.