தலைவிப் பதவியை மறுக்கும் முறை

டென்மார்க்கின் வைலே நகரில் எங்கள் தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் சங்கத்துக்குப் பல வருடங்களாக நான்தான் தலைவி. ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் எழுந்து, "எனக்கு இனிக் காணும், வேற ஆரும் வாங்கோ" என்பேன். உடனே முன்வரிசையிலிருந்து ஓர் அக்கா, "இதென்ன கதை, நீங்களே இருங்கோ" என்று சத்தம் போடுவார். மற்றவர்களும் சேர்ந்துகொள்வார்கள். இன்னும் இரண்டு தரம் மறுத்துவிட்டு, பெருமூச்சோடு ஒப்புக்கொள்வேன். கேட்டவுடன் சரி என்றால் பதவி ஆசை பிடித்தவள் என்று கதை கிளம்பிவிடும். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. எல்லோருக்கும் தெரியும்.

போன வருடம் மகள் ஓர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் அரசியல் படித்துக்கொண்டிருந்தாள். கூட்டத்துக்கு முதல்நாள், நான் கறிக்கு லீக்ஸ் வெட்டும்போது, பரீட்சைக்கு ஆயத்தப்படுத்திய சீனத்துக் கன்பூசியச் சிந்தனையை எனக்குச் சொல்லிப் பார்த்தாள். அரசன் குடிகளுக்குத் தாய் தகப்பன் மாதிரியாம். குடிகளின் மனம் விலகினால் வானம் அவனுக்குக் கொடுத்த உரிமையும் போய்விடுமாம்.

"அப்ப தாய் சொல்லுறதைப் பிள்ளை கேக்கவேணும். நல்லாத்தான் சொல்லியிருக்கினம்," என்றேன்.

முதலில் அரசன் ஒழுங்காக இருக்கவேண்டும், அதைத்தான் அவர்கள் கூடுதலாகச் சொல்கிறார்கள் என்று டேனிஷில் பதில் வந்தது. எனக்குச் சுருக்கென்றது. லீக்ஸை இன்னும் பொடியாக வெட்டினேன்.

கூட்டத்தை நடத்துபவர் நிர்வாகத்துக்கு வெளியே உள்ள ஒருவராக இருக்கவேண்டும் என்பது எங்கள் சங்க விதி. வேறு யாரும் சம்மதிக்காததால் மகளையே பிடித்து இருத்தியிருந்தோம். தலைவர் தெரிவு வந்ததும் நான் எழுந்து வழக்கமானதைச் சொன்னேன். சொன்ன பிறகுதான் முன்வரிசையைப் பார்த்தேன். அந்த அக்கா இல்லை. மகனோடு இருக்கவென்று டோஸ்ட்ருப் நகருக்குப் போய்விட்டார், அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் என் கண் அவர் வழக்கமாக இருக்கும் கதிரையிலேயே நின்றது.

மண்டபம் அமைதியாக இருந்தது. மகள் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தாள், குடித்தாள், மூடினாள். பிறகு, "விளங்குது அம்மா, நன்றி. வேற ஆர் நிக்கிறீங்கள்?" என்றாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஒரு தாய் கூச்சத்தோடு கையை உயர்த்தினார். ஒரு தரம்கூட மறுக்கவில்லை! எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

எனக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. தேநீர் நேரத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லோரும் சிரித்தார்கள், றோல்ஸ் எடுத்துத் தந்தார்கள், "இனி ஆறுதலா இருங்கோ அக்கா" என்றார்கள். என்மேல் இரக்கப்பட்டார்களா, என்னைக் கழற்றிவிட்டார்களா? நான் உண்மையிலேயே களைத்துவிட்டேன் என்று நம்பினார்களா? இத்தனை வருடமும் சனம் என்னை விரும்பியதா, அல்லது அந்த அக்காவின் குரல் பெரிதாக இருந்ததா? ஒன்றுக்கும் பதில் தெரியாமல் றோல்ஸைத் தின்றேன்.

காரில் ஏறியதும் கோபம் முழுவதும் மகள்மேல் திரும்பியது.

"உனக்கு எங்கட பழக்கம் தெரியாதே? முதல் தரம் வேண்டாம் எண்டு சொல்லுறது சும்மா. சீனாக்காரருக்கும் அப்பிடி இருந்திருக்கும், கேட்டுப் பார்."

"இருந்தது அம்மா. அரசராக வாறவையும் மூண்டு தரம் மறுக்கிறவை. எங்கட பழக்கமும் எனக்குத் தெரியும். சின்னனில இருந்து பாக்கிறன்தானே."

"தெரிஞ்சும் ஏன் அவசரப்பட்டனி?"

அவள் தமிழிலேயே, மெதுவாகச் சொன்னாள். "நான் அவசரப்படேல்லை. நீங்கள் ரெண்டாந்தரம் மறுக்கிறதுக்கு ஆரும் ஒராள் கேக்கவேணும். தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு எல்லாற்ற முகத்தையும் பாத்தனான். ஒருத்தரும் வாய் திறக்கேல்லை அம்மா."